கோபம் வந்ததும் ஆங்கிலம் எங்கே போகிறது?

நெதர்லாந்துக்கு வேலைக்கு வரப்போவதாக யாராவது சொன்னால், ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள் சொல்லும் முதல் ஆறுதல் இதுதான்: "மொழியைப் பத்திக் கவலையே படாதீங்க, எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும்." அதில் பொய் இல்லை. பேருந்து ஓட்டுநர், காய்கறிச் சந்தையில் சீஸ் விற்பவர், நகராட்சி கவுண்டரில் இருப்பவர் என்று யாரிடம் பேசினாலும் ஆங்கிலத்தில் பதில் வரும். ஈஎஃப் என்ற மொழிக்கல்வி நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் ஆங்கிலத் தேர்ச்சிப் பட்டியலில் 2019-இல் முதலிடத்துக்கு வந்த நெதர்லாந்து, அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1986 முதல் தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்புகளில் ஆங்கிலம் கட்டாயப் பாடம். தொலைக்காட்சியில் வரும் வெளிநாட்டு நிகழ்ச்சிகளையும் இவர்கள் டப்பிங் செய்வதில்லை. சின்னக் குழந்தைகளுக்கானவை தவிர மற்ற எல்லாமே மூலக்குரலோடும் டச்சு சப்டைட்டிலோடும்தான் வரும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் வயதிலிருந்தே காதில் ஆங்கிலம் விழுந்துகொண்டிருக்கிறது.

ஆனால் இந்த ஆங்கிலம் மனசு சமநிலையில் இருக்கும்போது பேசும் ஆங்கிலம். கோபமோ துக்கமோ பெரிய சந்தோஷமோ வந்தால் அது மாறிவிடும். எப்படி மாறும் என்பது இங்கே வருபவர்களுக்கு யாரும் சொல்லித்தராத பாடம். ஐந்தோவன் பக்கம் ஒரு மென்பொருள் குழுவில் பல ஆண்டுகளாக டச்சுக்காரர்களோடு வேலை பார்க்கிறேன், அவர்கள் நடுவில் குடியிருக்கிறேன். நான் பார்த்ததையும், அதனால் எங்கள் குழுவிலும் வீட்டிலும் பழக்கத்தில் மாற்றிக்கொண்டதையும் எழுதுகிறேன். இந்த ஊருக்கு வருபவர்களுக்கு மட்டுமல்ல, நம் ஊரில் இருந்தபடியே டச்சு வாடிக்கையாளர்களோடு தினமும் அழைப்பில் பேசுபவர்களுக்கும் இது உதவும்.

எங்கள் குழுவில் ஒரு மூத்த வடிவமைப்பாளர் இருக்கிறார். வடக்கே குரோனிங்கன் பக்கத்துக்காரர். அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டால் பிபிசி செய்தி வாசிப்பவர் நினைவுக்கு வருவார். ஒருமுறை ஒரு மென்பொருள் வெளியீட்டுக்கு முந்தைய நாள், வேறொரு குழு சொல்லாமல் கொள்ளாமல் ஒரு இடைமுகத்தை மாற்றிவிட்டது. கூட்டம் கூடினோம். முதல் சில நிமிடங்கள் அவர் பேச்சில் எந்த வித்தியாசமும் இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தது.

முதலில் போனது பணிவுச்சொற்கள். சாதாரண நாளில் "குட் யூ பெர்ஹாப்ஸ்" (உங்களால் ஒருவேளை முடியுமா) என்று தொடங்கும் மனிதர், "யூ மஸ்ட் ரிவர்ட் திஸ்" (இதை நீங்கள் பழையபடி மாற்றியே ஆக வேண்டும்) என்றார். கொஞ்ச நேரத்தில் வாக்கிய அமைப்பு டச்சுக்குப் போய்விட்டது: "திஸ் ஹேவ் வி ஆல்ரெடி டிஸ்கஸ்ட்." ஆங்கிலத்தில் "வி ஹேவ் ஆல்ரெடி டிஸ்கஸ்ட் திஸ்" என்று வர வேண்டும். சொல் எல்லாம் ஆங்கிலம், வரிசை டச்சு. அடுத்து உச்சரிப்பு. 'திஸ்' என்பது 'டிஸ்' ஆனது. சொல்லின் கடைசியில் மென்மையாக முடிய வேண்டிய ஒலிகள் (d, v, z போன்றவை) எல்லாம் வன்மையாக (t, f, s என்று) முடிந்தன. டச்சு மொழியில் சொல்லின் ஈற்றில் அந்த மென்மை ஒலி கிடையாது என்பதால் உணர்ச்சி ஏறும்போது நாக்கு பழைய வழியிலேயே போகிறது. கடைசியாக, எதிரே இருந்த இன்னொரு டச்சுக்காரரைப் பார்த்து முழு டச்சில் பேசத் தொடங்கிவிட்டார். போலந்துக்காரர் ஒருவரும் நாங்கள் இரண்டு இந்தியர்களும் அங்கேதான் இருந்தோம். ஏழெட்டு வாக்கியம் ஆன பிறகு தலையைத் திருப்பி, "சாரி, சாரி, இங்கிலீஷ்" என்றார்.

இந்த வரிசையைப் பிறகு எத்தனையோ பேரிடம் கவனித்திருக்கிறேன். பணிவு, வாக்கிய அமைப்பு, உச்சரிப்பு, கடைசியில் மொழியே. எல்லாரிடமும் இதே ஒழுங்கில் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணிவு முதலில் போவதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். புதிதாக வருபவர்களைக் காயப்படுத்துவதும் அதுதான்.

ஏன் பணிவு முதலில் போகிறது? டச்சுக்காரர்கள் இயல்பிலேயே முகத்துக்கு நேராகப் பேசுபவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை. அவர்கள் மொழியில் பேச்சை மென்மையாக்குவது குட்டிக் குட்டிச் சொற்கள்: 'ஏவ', 'மார்', 'ஹோர்', 'டொக்'. நாம் 'பாருங்க' என்பதை 'கொஞ்சம் பாருங்களேன்' என்று ஆக்கும்போது அந்த 'கொஞ்சம்', அந்த 'ஏன்' என்ன வேலை செய்கிறதோ அதைத்தான் இவை செய்கின்றன. டச்சில் 'நீ செய்தாக வேண்டும்' என்று பொருள்படும் வினைச்சொல்லோடு ஒரு 'ஏவ' சேர்ந்தால் அது கட்டளை இல்லை, தோளில் கைபோட்டுச் சொல்வது மாதிரி. ஆங்கிலத்துக்கு மாறும்போது இந்தக் குட்டிச் சொற்களுக்கு அங்கே இடமில்லை. நிதானமாக இருக்கும்போது அதற்குப் பதிலாகப் பள்ளியில் படித்த 'குட் யூ', 'வுட் யூ மைண்ட்' எல்லாம் யோசித்துப் போடுகிறார்கள். உணர்ச்சி வந்தால் அந்த யோசனைக்கு நேரம் ஏது? டச்சுச் சொல்லும் இல்லை, ஆங்கிலப் பணிவும் இல்லை. எஞ்சுவது வெறும் 'மஸ்ட்'.

அதனால் எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் இந்தியர்களுக்கு நான் முதலில் சொல்வது இது: சூடான விவாதத்தில் ஒரு டச்சுக்காரர் 'யூ மஸ்ட்' என்றால் அதை அதிகாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் மனதில் ஓடிய டச்சு வாக்கியம் அதைவிட இரண்டு படி மென்மையானது. சந்தேகமாக இருந்தால் கேட்டுவிடுங்கள்: "இது வேண்டுகோளா, முடிவா?" இந்தக் கேள்விக்கு இங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நேரடியாகக் கேட்பதை மதிக்கிறவர்கள். பெரும்பாலும் "இல்லை இல்லை, நான் சொல்வது என் கருத்து மட்டும்தான்" என்று உடனே இறங்கிவருவார்கள்.

அந்தக் கூட்டத்தில் நான் கவனித்த இன்னொன்றும் உண்டு. "சாரி, இங்கிலீஷ்" என்று திரும்பிய பிறகு அவருடைய குரல் இறங்கியிருந்தது. டச்சில் கொட்ட வேண்டியதைக் கொட்டியாகிவிட்டது என்பது ஒரு காரணம். ஆங்கிலத்துக்குத் திரும்புவதே கொஞ்சம் மூளை வேலை என்பது இன்னொன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தில் போவாஸ் கைசரும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நிய மொழியில் ஒரு முடிவை யோசிக்கும்போது, கேள்வி இழப்பு என்று சொல்லப்பட்டதா லாபம் என்று சொல்லப்பட்டதா என்பதால் மக்கள் குறைவாகவே அலைக்கழிகிறார்கள் என்று கண்டார்கள். அந்நிய மொழி ஒரு இடைவெளி தருகிறது. இப்போதெல்லாம் கூட்டம் சூடானால் நானே சொல்லிவிடுவேன்: "நீங்கள் இரண்டு பேரும் ஐந்து நிமிடம் டச்சில் பேசி முடியுங்கள், பிறகு எங்களுக்கு ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொல்லுங்கள்." முகம் எப்படி மலரும் தெரியுமா! அந்தச் சுருக்கத்தில் திட்டு எல்லாம் வடிகட்டப்பட்டு விஷயம் மட்டும் மிஞ்சும். ஒரு நிபந்தனை, சுருக்கம் கட்டாயம் வர வேண்டும். டச்சில் பேசி டச்சிலேயே முடிவெடுத்துவிட்டு எழுந்து போகக் கூடாது. இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இதற்கெல்லாம் அடியில் இருக்கும் காரணம் எளியது. தாய்மொழிச் சொற்கள் நமக்கு வந்தபோது அவற்றோடு அம்மாவின் முகமும் வந்தது, அடியும் வந்தது, கொஞ்சலும் வந்தது. பள்ளியிலும் தொலைக்காட்சியிலும் கற்ற மொழிக்கு அந்த ஒட்டு இல்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கேதரின் ஹாரிஸும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல், ஆங்கிலத்தைப் பின்னால் கற்ற துருக்கியரின் விரல்நுனியில் மின்முனை பொருத்தி, தோலில் ஏற்படும் மாற்றத்தை அளந்து இதைக் காட்டினார்கள். சின்ன வயதில் கேட்ட திட்டுகளை ஆங்கிலத்தில் கேட்டதைவிடத் துருக்கியில் கேட்டபோது உடம்பு கூடுதலாகச் சிலிர்த்தது. லண்டனில் பேராசிரியராக இருந்த பெல்ஜியக்காரர் ழான்-மார்க் டெவேல், அனெட்டா பாவ்லென்கோவுடன் சேர்ந்து ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பன்மொழிக்காரர்களிடம் கேட்டுத் தொகுத்த பதில்களிலும் இதே போக்குதான். கோபத்தையும் வசையையும் பலரும் முதல் மொழியில்தான் வெளியிடுகிறார்கள், அதில்தான் அவற்றின் வலு தெரிகிறது என்கிறார்கள். தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். விரல் கதவிடுக்கில் மாட்டினால் 'அம்மா' என்றுதான் வரும்.

வசை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இங்கே வரும் நம்மவர்கள் மிகவும் அதிர்ச்சி அடைவது இதில்தான். டச்சு அலுவலகத்தில் ஆங்கிலக் கெட்டவார்த்தை சர்வசாதாரணம். மேலாளர் சொல்வார், வாடிக்கையாளர் சொல்வார், பாட்டி எதிரில் பேரன் சொல்வான். நம் ஊரில் ஆங்கிலத்தில் அந்த 'எஃப்' சொல்லைக் கூட்டத்தில் சொன்னால் அறை அமைதியாகிவிடும். இங்கே யாரும் தலைகூடத் தூக்க மாட்டார்கள். அந்தச் சொல்லை இவர்கள் படத்திலும் பாட்டிலும் விளையாட்டிலும் கற்றார்கள். அதைச் சொன்னதற்காக யாரும் சின்ன வயதில் வாயில் அடித்ததில்லை. அதனால் அதற்கு எடையே இல்லை. கணினி தொங்கினால் ஒன்று, காபி கொட்டினால் ஒன்று, அவ்வளவுதான்.

உண்மையான கோபத்துக்கு வேறு அகராதி இருக்கிறது. டச்சு வசைகளில் பெரும்பகுதி நோய்கள். காசநோய், டைஃபாய்டு, காலரா, புற்றுநோய். "உனக்குக் காசநோய் வரட்டும்" என்பது இன்றும் உயிரோடு இருக்கும் திட்டு. அதில் புற்றுநோயைச் சொல்லும் 'கன்கர்' என்ற சொல்லைப் பல டச்சுக்காரர்களே தாங்க மாட்டார்கள், வீட்டில் யாரையாவது அந்த நோய்க்குப் பறிகொடுத்தவர்களுக்கு அது நெஞ்சில் அடிப்பது போல. ஆகவே ஒரு டச்சுக்காரரின் கோபத்தை அளக்க ஆங்கிலச் சொல்லைப் பார்க்காதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் ஒரு நோயின் பெயர் வெளியே வந்தால், அன்றைக்கு அவரிடம் எதுவும் கேட்காமல் காபி வாங்கிக் கொடுங்கள். அதே போல நாமும் அந்த ஆங்கிலச் சொற்களை எடையற்றவை என்று நினைத்து அவர்களிடம் பழகிவிட்டு, அமெரிக்க வாடிக்கையாளரிடம் அப்படியே பேசிவிடக் கூடாது.

எழுத்தில் கேட்கும் கேள்விகளிலும் இதே பிரச்சினை ஒளிந்திருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பல நிறுவனங்களைப் போல எங்கள் இடத்திலும் ஊழியர் மனநிலைக் கணக்கெடுப்பு ஆங்கிலத்தில்தான் வரும். 'கொஞ்சமும் எரிச்சல் இல்லை' என்பதிலிருந்து 'மிகவும் எரிச்சல்' வரை ஒரு கட்டம் போட வேண்டும். ரோட்டர்டாமில் உள்ள எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தில் பார்ட் டி லாங்கே, ஸ்டெஃபானோ புன்டோனி முதலானவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. உணர்ச்சியை அளக்கும் அளவுகோல் இரண்டாம் மொழியில் இருந்தால் மக்கள் முனைக்கு அருகில் கட்டம் போடுகிறார்கள். காரணம், அந்த மொழியில் 'மிகவும் கோபம்' என்பதே அவர்களுக்கு லேசாகத் தெரிகிறது. கடைசிப் படி உயரமாகத் தெரியாததால் அங்கே ஏறிவிடுகிறார்கள். நம் குழுவில் டச்சுக்காரர்கள் எல்லாரும் கொதித்துப் போயிருக்கிறார்கள் என்று ஒரு அறிக்கையைப் பார்த்து மேலாளர் பதறினால், முதலில் கேட்க வேண்டியது அந்தக் கேள்வித்தாள் எந்த மொழியில் இருந்தது என்பதைத்தான். எங்கள் குழுவின் சிறு கணக்கெடுப்புகளை இப்போது இரண்டு மொழியிலும் போடுகிறோம். ஒரு மொழியில் வந்த பதில்களையும் இன்னொரு மொழியில் வந்தவற்றையும் ஒரே சராசரியில் கலப்பதில்லை.

இதுவரை சொன்னது ஆங்கிலத்தில் உணர்ச்சி கூடுதலாகத் தெரியும் இடங்கள். எனக்கு அதிகக் கவலை தருவது அதன் மறுபக்கம், உள்ளே இருப்பது வெளியே தெரியாத இடங்கள்.

எங்கள் குழுவில் ஒருவர் மனச்சோர்வால் பல மாதம் விடுப்பில் இருந்தார். பர்ன்-அவுட் என்று இங்கே வெளிப்படையாகவே சொல்வார்கள். நோயுற்ற ஊழியருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சம்பளத்தில் குறைந்தது 70 விழுக்காடு தர வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். என்ன நோய் என்று முதலாளி கேட்கவும் கூடாது, அது நிறுவன மருத்துவருக்கும் ஊழியருக்கும் இடையில் மட்டும். அதனால் அவர் திரும்பி வந்தபோது எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனாலும் முதல் நாள் காலைக் கூட்டத்தில் தானாகவே சொன்னார். காரை ஓரம்கட்டிவிட்டு வீட்டுக்குப் போக வழி தெரியாமல் உட்கார்ந்திருந்ததை, மகள் பேசினால்கூடச் சத்தம் தாங்காமல் இருட்டறையில் படுத்திருந்ததை, ஒரு திட்ட அறிக்கையை வாசிப்பது போல ஆங்கிலத்தில் சொன்னார். கண் கலங்கவில்லை, குரல் தடுமாறவில்லை. மதிய உணவின்போது என்னிடம், "டச்சில் என்றால் இதைச் சொல்லியிருக்கவே முடியாது, முதல் வாக்கியத்திலேயே அழுதிருப்பேன். ஆங்கிலத்தில் சொன்னால் வேறு யாருக்கோ நடந்தது போல இருக்கிறது" என்றார்.

அந்நிய மொழி அவருக்கு ஒரு கவசமாக இருந்தது. நல்லதுதான். ஆனால் கேட்பவர்களுக்கு அது ஆபத்து. அவ்வளவு நிதானமாகச் சொல்கிறாரே, முழுக்கக் குணமாகிவிட்டார் போல என்று அடுத்த வாரமே வேலையைக் குவித்துவிடத் தோன்றும். அதோடு டச்சுக்காரர்களின் இயல்பான குறைத்துச் சொல்லும் பழக்கமும் சேர்ந்துகொள்ளும். "நாட் ஸோ நைஸ்" என்றால் மிக மோசம். "எ பிட் மச்" என்றால் தாங்க முடியவில்லை. பாராட்டும் இப்படித்தான், "நாட் பேட்" என்று ஒரு டச்சு மேலாளர் சொன்னால் வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைக்கலாம். அதனால் யாராவது துன்பத்தை வழவழப்பான ஆங்கிலத்தில் சொன்னால், நான் சொற்களை வைத்து எடைபோடுவதில்லை. நடந்தது என்ன என்று மட்டும் பார்க்கிறேன். தூங்க முடிகிறதா, சாப்பிட முடிகிறதா, எத்தனை மணிநேரம் வேலை பார்க்க முடிகிறது. இந்தக் கேள்விகளுக்கு எந்த மொழியிலும் ஒரே பதில்தான் வரும்.

சந்தோஷத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பர் 9, கத்தாரில் உலகக்கோப்பை காலிறுதி, அர்ஜென்டினாவோடு. ஒரு சக ஊழியரின் வீட்டில் பல நாட்டுக்காரர்கள் கூடிப் பார்த்தோம், பேச்செல்லாம் ஆங்கிலத்தில். இரண்டு கோல் பின்தங்கியிருந்தபோது ஆங்கிலத்திலேயே புலம்பினார்கள். 83-ஆவது நிமிடத்தில் வெக்ஹோர்ஸ்ட் ஒரு கோல் போட்டார், ஆங்கிலம் ஆட்டம் கண்டது. கூடுதல் நிமிடங்களின் கடைசியில், ஃப்ரீ கிக்கை நேராக அடிக்காமல் தரையோடு தட்டிவிட அதே வெக்ஹோர்ஸ்ட் இரண்டாவதையும் போட்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் ஒரு ஆங்கிலச் சொல் இல்லை. பெனால்டியில் தோற்ற பிறகும் வெகுநேரம் இல்லை. யாரும் எங்களை ஒதுக்கவில்லை, கட்டிப்பிடித்துக் குதித்தவர்களே அவர்கள்தான். விருந்துகளில் சிரிப்பு வலுத்ததும் மேசை முழுக்க டச்சுக்கு மாறுவதும் இதே கதைதான். நம்மை வெளியே தள்ளுகிறார்கள் என்று நினைத்து மனசு சுருங்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் "எதற்குச் சிரிக்கிறீர்கள்?" என்று கேட்டால், ஆர்வமாக விளக்குவார்கள்.

துக்கம் அப்படி இல்லை. அங்கே கேட்க முடியாது.

எங்கள் அடுத்த வீட்டில் ஒரு வயதான தம்பதியர். அந்த அம்மா இளமையில் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தவர், தன் ஆங்கிலத்தில் அவருக்குப் பெருமை. நான் தட்டுத்தடுமாறி டச்சில் ஆரம்பித்தாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வார். அவருடைய கணவர் இறந்தபோது, சாம்பல்நிற ஓரம் வைத்த அட்டை ஒன்று தபாலில் வந்தது. இங்கே இறப்புச் செய்தி இப்படித்தான் வரும், அதற்கென்றே தனித் தபால்தலை உண்டு. தகனம் முடிந்து காபியும் கேக்கும் கொடுத்தார்கள். வந்தவர்கள் வரிசையாகப் போய் மனைவிக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கு, மருமக்களுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு என்று எல்லாரிடமும் கைகொடுத்து ஒரே இரங்கல் சொல்லைச் சொல்கிறார்கள். என் முறை வந்தபோது நானும் டச்சிலேயே அந்தச் சொல்லைச் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஹி வாஸ்" என்றவர், கையை அசைத்து நிறுத்திவிட்டார். அடுத்த வாக்கியம் வரவே இல்லை.

சில நாள் கழித்து ரசமும் சாதமும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "டச்சிலேயே பேசுங்கள், முழுக்கப் புரியாவிட்டாலும் பரவாயில்லை" என்றேன். அவர் பேசினார். மருத்துவமனையின் கடைசி இரவு, தோட்டத்தில் கணவர் பாதி நட்டு விட்ட டூலிப் கிழங்குகள், மகனோடு நடந்த ஒரு சண்டை. எனக்குப் பாதிதான் புரிந்தது. புரியாத இடத்தில் நிறுத்தி அர்த்தம் கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவரை மொழிபெயர்க்க வைப்பது அவர்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவது. அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியது பதில் சொல்லும் ஆள் இல்லை, எழுந்து போகாத ஆள். இதற்காகவாவது டச்சு கற்றுக்கொள்ளுங்கள் என்று இங்கே வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேசுவது பிறகு வரட்டும், காதுக்கு முதலில் பழக்குங்கள். அலுவலகத்தில் ஆங்கிலமே போதும் என்பவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் ஒரு சாவுக்குப் போகாதவர்கள்.

டச்சு என்று நான் சொல்லும்போது எல்லாருக்கும் அதுவே தாய்மொழி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் குழுவில் லிம்பர்க் மாகாணத்து வெண்லோக்காரர் ஒருவர், வீட்டில் லிம்பர்க் மொழி பேசி வளர்ந்தவர். 1997-இல் அதற்கு வட்டார மொழி என்ற அங்கீகாரம் கிடைத்தது. அவர் அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது பக்கத்தில் இருக்கும் ஆம்ஸ்டர்டாம்காரருக்கே முழுதாகப் புரியாது. ஃபிரீஸ்லாந்துக்காரர்களுக்கும் அவர்களுடைய ஃபிரீசிய மொழி உண்டு. இவர்களுக்குக் கோபம் வந்தால் ஆங்கிலத்திலிருந்து டச்சுக்கு, டச்சிலிருந்து அதற்கும் அடியில் இருக்கும் மொழிக்கு என்று இரண்டு படி இறங்குவார்கள். இலங்கையிலிருந்து போர்க்காலத்தில் வந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் இது தலைகீழாகவும் நடக்கும். இங்கேயே வளர்ந்த ஒரு தங்கை அம்மாவிடம் தமிழில் செல்லம் கொஞ்சுவாள், சண்டை என்று வந்தால் டச்சில்தான் பொரிவாள்.

கடைசியாக வீட்டுக்குள் நடக்கும் ஒன்று. மதுரைப் பக்கத்துத் தோழி ஒருத்தி டச்சுக்காரரை மணந்திருக்கிறாள். அவர்கள் வீட்டுமொழி ஆங்கிலம், இரண்டு பேருக்குமே சொந்தமில்லாத மொழி. ஆரம்ப ஆண்டுகளில் சண்டை வந்தால் அவர் பேச்சு சுருங்கிச் சுருங்கி 'யெஸ்', 'நோ', 'ஃபைன்' என்று ஆகிவிடும். இவள் ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளுவாள், கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள். அவர் பேசாமல் இருப்பதை இவள் அலட்சியம் என்பாள். இவள் பேசும் நீளமான வாக்கியங்களை அவர் வழக்கறிஞர் வாதம் என்பார். சண்டையின் காரணம் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தட்டு அடுக்குவதாக இருக்கும், அது எங்கோ போய் நிற்கும்.

இப்போது அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. குரல் உயர்ந்தால் ஆளுக்கு அவரவர் மொழி. அவர் டச்சில் கொட்டுவார், இவள் தமிழில். குடியுரிமைத் தேர்வுக்காகப் படித்ததால் இவளுக்கு டச்சு ஓரளவு புரியும். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான், ஆனால் 'ஏன் இப்படிப் பண்றீங்க' என்பதும் 'எனக்கு அலுத்துப்போச்சு' என்பதும் நன்றாகவே புரியும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. இரண்டு பக்கமும் ஓய்ந்த பிறகு, ஆங்கிலத்தில் ஆளுக்கு மூன்று வாக்கியம் மட்டும்: என்ன வலித்தது, ஏன் வலித்தது, இனி என்ன செய்யலாம். பணம், பள்ளிக்கூடம், மாமியார் வருகை மாதிரி முடிவெடுக்க வேண்டிய விஷயங்களை முதலிலிருந்தே ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள், அதுவும் மறுநாள் காலையில். இரவு பத்து மணிக்கு மேல் எதையும் எந்த மொழியிலும் முடிவு செய்வதில்லை. தட்டு அடுக்குவது மட்டும் இன்னும் தீரவில்லை. பெரிய தட்டுகள் பின்வரிசையில்தான் இருக்க வேண்டும் என்று அவர் டச்சில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.